மின்கட்டண அட்டையிலிருந்து கடன் பத்திரம் வரை: வேலூருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பிவிட்டார். ராஜா இனி வரப்போவதில்லை. மூன்றாவது கேலிக்கு மட்டும் நாம் இன்றுவரை மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். பாலாற்றில் தண்ணீர் ஓடினால் கையால் மொண்டுகொள்ளலாம். ஓடாததால் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் இழுக்கிறது, மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாக ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும்.

அந்த மின்செலவைக் குறைக்க மாநகராட்சியே சூரிய மின்நிலையம் அமைக்கலாமா, அதற்கான பணத்தைக் கடன் பத்திரம் வெளியிட்டுத் திரட்டலாமா என்ற கேள்வியை மாமன்ற உறுப்பினர்களும் நகராட்சிக் கணக்கர்களும் என்னிடம் அவ்வப்போது கேட்கிறார்கள். உள்ளாட்சிக் கணக்குப் புத்தகங்களோடு நெடுங்காலம் புழங்கியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கேட்டவர்களுக்குச் சொன்னதையே இங்கே வரிசைப்படுத்துகிறேன். வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் வங்கியிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் மின்கட்டண அட்டை.

மாநகராட்சியின் கை எவ்வளவு தூரம் நீளும்

தமிழ்நாட்டில் வீடு வீடாக மின்சாரம் தருவது மின்வாரியத்தின் வேலை. 1957இல் தொடங்கிய வாரியம் பெயர்கள் மாறி, 2024இல் மீண்டும் பிரிக்கப்பட்டு, இன்று விநியோகத்துக்கென்று தனி நிறுவனமாக இருக்கிறது. மக்கள் நாக்கில் அது இன்னும் மின்வாரியம்தான். ஆகவே மாநகராட்சி மின்சாரம் விற்று லாபம் பார்க்கும் என்ற கற்பனையை முதலில் கைவிடுங்கள். அரசியலமைப்பின் 74ஆவது திருத்தத்தோடு வந்த 12ஆவது அட்டவணை நகராட்சிகளுக்குத் தெருவிளக்கையும் குடிநீரையும் தந்திருக்கிறது. மின் விநியோகம் அதில் இல்லை.

மாநகராட்சி ஒரு பெரிய நுகர்வோர். நீரேற்று நிலையம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், தெருவிளக்கு, அலுவலகம், பள்ளி என்று நூற்றுக்கணக்கான இணைப்புகளுக்குக் கட்டணம் கட்டுகிறது. இந்தச் செலவில் மிச்சம் பிடிப்பதே மின்திட்டத்தின் வருமானம். விற்று ஈட்டுவதும் செலவில் மிச்சம் பிடிப்பதும் கணக்கேட்டில் ஒன்றுபோலத் தெரியலாம். கடன் கொடுப்பவர் கண்ணுக்கு அப்படித் தெரியாது. விற்ற பணம் கையில் வரும். மிச்சமான பணத்தை யாராவது கவனமாக எடுத்துத் தனியே வைத்தால்தான் அது பணம். இல்லாவிட்டால் வேறொரு பில்லுக்குள் கரைந்துவிடும். இதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

முன்னே போனவர்கள்

பெங்களூரு மாநகராட்சி 1997இல் 125 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. அதற்கு மாநில அரசின் உத்தரவாதம் இருந்தது. அடுத்த ஆண்டே அகமதாபாத் 100 கோடியை அந்த உத்தரவாதம் இல்லாமல் திரட்டியது. தமிழ்நாட்டில் மதுரை 2001இல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடி திரட்டியது. சென்னை மாநகராட்சி 2025இல் மழைநீர் வடிகாலுக்காக 200 கோடியைத் திரட்டித் தேசிய பங்குச் சந்தையில் பட்டியலிட்டது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இந்தூர். நர்மதையிலிருந்து குடிநீரை ஏற்றிக் கொண்டுவரும் ஊர் அது. நம்மைப் போலவே மின்கட்டணத்தால் மூச்சுத் திணறிய ஊர். ஜலூத் என்ற இடத்தில் 60 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைப்பதற்காக 2023 பிப்ரவரியில் 244 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம், அதாவது சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்கென்றே பணம் திரட்டும் பத்திரம், வெளியிட்டது. வட்டி 8.25 சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நிறுவனங்களோடு சாதாரண மக்களும் வாங்க முடிந்தது. 1,000 ரூபாய் முகமதிப்புள்ள பத்திரம் நான்கு 250 ரூபாய்த் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, 3, 5, 7, 9 ஆண்டுகளில் ஒவ்வொன்றாக அசல் திரும்பும்படி அமைக்கப்பட்டது. இந்த அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. அசல் முழுவதும் ஒரே ஆண்டில் வந்து கழுத்தைப் பிடிக்காது.

முதல் வேலை: அட்டைகளைச் சேர்ப்பது

மாநகராட்சியின் பெயரில் உள்ள அத்தனை மின் இணைப்பு எண்களையும் ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். கேட்க எளிது. செய்து பார்த்தால் மூன்று மாதம் ஆகும். 2008இல் வேலூர் மாநகராட்சியானபோதும் அதன் பிறகும் சத்துவாச்சாரி, தாராபடவேடு, அல்லாபுரம், தொரப்பாடி போன்ற பகுதிகள் வந்து சேர்ந்தன. இப்படிச் சேரும் ஊர்களிலெல்லாம் இணைப்புகள் பழைய உள்ளாட்சியின் பெயரிலேயே கிடக்கும்.

பெயர் சொல்லாத ஒரு நகராட்சியில் இந்த வேலையில் உட்கார்ந்தேன். கயிற்றால் கட்டிய அட்டைக்கட்டு, மேலே காப்பிக் கறை. ஒரு பம்ப் அறையின் அட்டையில் பதினெட்டு மாதமாக ஒரே அளவீடு. பயன்பாடு சுழி. ஆனால் நிலைக்கட்டணம் தவறாமல் கட்டப்பட்டிருந்தது. போய்ப் பார்த்தோம். ஆழ்துளைக் கிணறு வற்றி, மோட்டாரை வேறிடத்துக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மீட்டர் மட்டும் சுவரில் சிலந்தி வலைக்குள் இருந்தது. "யாரும் துண்டிக்கச் சொல்லவில்லையே சார்" என்றார் தண்ணீர் திறப்பவர். அவர் மேல் தவறில்லை. சாலை அகலப்படுத்தியபோது பிடுங்கப்பட்ட விளக்குக் கம்பங்களுக்கும் அதே ஊரில் கட்டணம் போய்க்கொண்டிருந்தது.

பதிவேட்டில் இணைப்பு எண், இடம், அனுமதிக்கப்பட்ட மின்பளு, கடந்த 36 மாதப் பயன்பாடு, கட்டிய தொகை, அபராதம் ஆகியவை இருக்க வேண்டும். அபராதப் பத்தியைத் தனியே கூட்டிப் பாருங்கள். சக்திக் காரணி (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம்) குறைவால் கட்டும் தொகைக்குக் கடன் வேண்டாம், அதைச் சரிசெய்யும் கெபாசிட்டர் என்ற கருவி போதும். 250 வாட் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு ஏறக்குறைய 100 வாட் எல்இடி போடுவதற்கும் பத்திரம் வெளியிட வேண்டியதில்லை. அது இரண்டு மூன்று ஆண்டில் தன் விலையைத் தானே மீட்டுக்கொள்ளும் வேலை. இந்தச் சில்லறை ஓட்டைகளை அடைத்த பிறகும் மிஞ்சும் மின்தேவைதான் மின்நிலையத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஓட்டைப் பானைக்கு ஏற்ற அளவில் கிணறு வெட்டக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெரிய நீரேற்று நிலையங்களை நடத்துவது குடிநீர் வடிகால் வாரியம். அந்த மின்கட்டணம் அதனுடையது. நாம் தண்ணீரைத்தான் விலைக்கு வாங்குகிறோம். அந்தச் செலவையும் நம் மிச்சத்தில் சேர்த்துக் காட்டினால் முதல் கேள்வியிலேயே பிடிபடுவோம்.

வேலூர் வெயிலும் தகட்டின் சூடும்

"வெயிலுக்கா பஞ்சம், நம்ம ஊரில்?" என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். சூரியத் தகடு வேலை செய்வது ஒளியால். சூடு அதற்கு எதிரி. தகட்டின் திறனை 25 டிகிரி வெப்பத்தில் அளந்து அட்டையில் அச்சிடுகிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 முதல் 0.4 சதவீதம் திறன் குறையும். மே மாதம் அக்கினி நட்சத்திரத்தில், காற்றசையாத மதியத்தில், தகட்டின் மேற்பரப்பு 65 டிகிரியைத் தொடுவது அதிசயமில்லை. அப்போது ஆறில் ஒரு பங்கு வரை போய்விடும். மேகமில்லாத பிப்ரவரி மாதத்து நல்ல நாள் மே மாதத்தைவிட அதிகம் தரக்கூடும். கல்குவாரித் தூசி படிந்தால் இன்னும் குறையும். தகடு கழுவவும் தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைத் திட்டு நிற்கும்.

ஆகவே ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,500 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் இதைவிடப் பெரிய எண்ணைத்தான் காட்டுவார்.

அடுத்தது நேரம். சூரியன் பகலில், தெருவிளக்கு இரவில். பகலில் தந்ததை இரவுக் கணக்கில் கழிக்க முடியுமா, எவ்வளவு கழிவு என்பதை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அப்போதைய ஆணைகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவை மாறும். மாறாத வழி ஒன்று இருக்கிறது: மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. பத்து மணி முதல் மூன்று மணிக்குள் தொட்டியை நிரப்பிவிட்டு மறுநாள் காலையில் திறந்துவிட்டால் அந்தத் தொட்டியே மின்கலம். எனவே திட்டத்தைத் தெருவிளக்கை நம்பிக் கட்டாமல் மோட்டாரை நம்பிக் கட்டுங்கள்.

ஊருக்கு வெளியே உற்பத்தி செய்து ஊருக்குள் பயன்படுத்தினால் மின்வாரியத்தின் கம்பிக்குக் கட்டணம் தர வேண்டும். சொந்தப் பயன்பாட்டு நிலையம் என்ற தகுதி இருந்தால் சில கூடுதல் கட்டணங்கள் விலகும். அதற்கு நிலையத்தில் குறைந்தது 26 சதவீத உரிமையும், உற்பத்தியில் 51 சதவீதப் பயன்பாடும் வேண்டும் என்கின்றன 2005ஆம் ஆண்டு மின்சார விதிகள். முழுவதும் மாநகராட்சியுடையது என்றால் கவலையில்லை.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் என் அனுமானம், முறையைக் கவனியுங்கள். 10 மெகாவாட் நிலையம், செலவு 45 கோடி. அதில் 9 கோடி மாநகராட்சியின் கைப்பணமோ மானியமோ, 36 கோடி பத்திரம். ஆண்டு உற்பத்தி 1.5 கோடி யூனிட், வழியில் போவதைக் கழித்தால் 1.35 கோடி. கம்பிக் கட்டணம் போக யூனிட்டுக்கு 5.25 ரூபாய் மிச்சம் என்றால் ஏறத்தாழ 7.09 கோடி. பராமரிப்புக்கு 50 லட்சம் போக 6.59 கோடி. 36 கோடியை 8 சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் சமத் தவணையாக அடைக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 5.37 கோடி வேண்டும். ஒரு ரூபாய்த் தவணைக்கு 1.23 ரூபாய் வருமானம். பார்க்க நன்றாக இருக்கிறது.

இனி இதைக் கெடுத்துப் பாருங்கள். உற்பத்தி பத்து சதவீதம் குறைந்தால் 1.10 ரூபாய். உற்பத்தி குறையாமல் கம்பிக் கட்டணம் மட்டும் 75 காசு ஏறினால் 1.04. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தால் கையில் 4.97 கோடி, தவணை 5.37 கோடி. 40 லட்சம் துண்டு விழுகிறது. இந்தக் கடைசி வரியை அறிக்கையில் மறைக்காமல் எழுதுகிற ஆலோசகரை வேலைக்கு வையுங்கள்.

நிலம்

ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர். 10 மெகாவாட்டுக்கு 45 ஏக்கராவது தேவை. வேலூரைச் சுற்றி வெற்றிடம் நிறையத் தெரியும். கிட்டே போனால் பாதி காப்புக்காட்டு மலை, மீதி ஏரி. வற்றிக் கிடந்தாலும் ஏரி ஏரிதான். நீர்நிலைப் புறம்போக்கைத் தொடாதீர்கள், நீதிமன்றத்தில் நிற்காது. மேய்க்கால் நிலத்துக்கும் எதிர்ப்பு வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பார்த்து வகைப்பாடு தெரிந்த பிறகே அடுத்த அடி. அருகில் துணைமின் நிலையம் எவ்வளவு தூரம், அதில் இடம் இருக்கிறதா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

கணக்கும் அனுமதியும்

நகராட்சிப் பத்திரங்களுக்கு பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2015இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதன் சாரம்: கணக்குகள் தேசிய நகராட்சிக் கணக்கியல் கையேட்டின் முறையில் இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் நிகர மதிப்பு எதிர்மறையாகப் போயிருக்கக் கூடாது என்று 2015 வடிவத்தில் இருந்தது. கடந்த 365 நாட்களில் வங்கிக் கடனிலோ பத்திரத்திலோ தவணை தவறியிருக்கக் கூடாது. ஒழுங்குமுறை அவ்வப்போது திருத்தப்படுகிறது, வேலை தொடங்கும் நாளில் புதிய வடிவத்தைப் படியுங்கள்.

மின்வாரியத்துக்கு உள்ளாட்சிகள் வைத்திருக்கும் பழைய நிலுவை பல ஊர்களில் பெரிய தலைவலி. இரண்டு அலுவலகங்களும் வேறு வேறு தொகை சொல்லும். மின்செலவைக் குறைக்கக் கடன் கேட்கிறவர் மின்கட்டண பாக்கியோடு போய் நின்றால் யார் நம்புவார்கள்? இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒத்திசைவுத் தாள் ஒன்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கடனைத் திருப்பித் தரும் திறனை எடைபோடும் தர மதிப்பீட்டு நிறுவனத்தார் வந்தால் மின்நிலையத்தைப் பற்றி அரை மணி நேரம் கேட்பார்கள். சொத்து வரியைப் பற்றி அரை நாள் கேட்பார்கள். கேட்பு, வசூல், நிலுவை அறிக்கை வார்டு வாரியாகக் கையில் இருக்க வேண்டும். 60 வார்டுகளில் எந்த நான்கில் வசூல் படுத்திருக்கிறது என்று வருவாய் அலுவலரால் பார்க்காமல் சொல்ல முடிந்தால் அதுவே நல்ல மதிப்பெண். மாமன்றத் தீர்மானம், மாநில அரசின் முன் அனுமதி ஆகியவை தனி வரிசையில் நகரும். அந்தக் கோப்பை மதிப்பீடு முடியும்வரை நிறுத்திவைக்காமல் இணையாகவே ஓட்டலாம்.

தனியாகப் போகாதீர்கள்

36 கோடி என்பது பத்திரச் சந்தைக்குச் சின்னத் தொகை. மதிப்பீடு, முதலீட்டு வங்கி, வழக்கறிஞர், பத்திரம் வாங்கியவர்களின் நலனைக் காக்கும் அறங்காவலர், பட்டியலிடுதல் என்று ஆகும் செலவில் பெரும்பகுதி தொகை சிறிதானாலும் குறையாது. 200 கோடி திரட்டுகிறவருக்கு அது தூசு, நமக்குச் சுமை.

வழி நம் மாநிலத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 2002இல் தமிழ்நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட சிறு உள்ளாட்சிகளைச் சேர்த்து, குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காகக் கூட்டு நிதியம் ஒன்றின் மூலம் 30.41 கோடி ரூபாய்க்கு 15 ஆண்டுப் பத்திரம் வெளியிட்டார்கள். வட்டி 9.2 சதவீதம். உள்ளாட்சி தவறினால் மாநில அரசு தரவேண்டிய பகிர்விலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருந்தது. அசலில் பாதிக்கு அமெரிக்க வளர்ச்சி முகமை உத்தரவாதம் நின்றது. தனித்துப் போனால் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஊர்கள் சேர்ந்து போனபோது சந்தை கதவைத் திறந்தது.

பழைய வடாற்காடு மாவட்டத்துக்கு இது இயல்பாகப் பொருந்தும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆட்சியர் அலுவலகங்கள் பிரிந்தாலும் பாலாறு ஒன்றுதான். வேலூரோடு குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, 1866இலேயே நகராட்சியான வாலாஜாபேட்டை எல்லாம் சேர்ந்தால் மின்தேவையும் பெரிதாகும், இடர்ப்பாடும் பரவும். 1996இல் உருவான தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கதவை இதற்காகத் தட்டலாம். சொந்தப் பயன்பாட்டு விதியில் பல உரிமையாளர்கள் வரும்போது யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்ற கணக்கு சிக்கலாகும். அதற்கு மின்சாரச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் தனியே வேண்டும்.

பணம் நடக்கும் பாதை

முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். மிச்சத்தை எப்படிப் பணமாக்குவது? எஸ்க்ரோ என்னும் தனிக்கணக்குதான் விடை. மாநகராட்சி முன்பு மின்கட்டணத்துக்கு ஒதுக்கிய அதே தொகையை மாதாமாதம் அந்தக் கணக்கில் போட வேண்டும். அதிலிருந்து குறைந்துபோன புதிய மின்கட்டணம் முதலில் போகும். எஞ்சியது பத்திரத் தவணைக்குச் சேரும். அது போதாத மாதங்களுக்காகச் சொத்து வரியின் ஒரு பகுதியும் நேராக இதே கணக்குக்குள் வரும்படி எழுதிவைப்பார்கள். இதன் மேல் அறங்காவலர் ஒரு கண் வைத்திருப்பார். ஆணையர் மாறினாலும் மேயர் மாறினாலும் கணக்கு மாறக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு.

ஆறு மாத வட்டித் தொகை எப்போதும் காப்பாகக் கிடக்கட்டும். தீபாவளி முன்பணம் கொடுக்க அதில் கைவைக்கலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் கேட்பார்.

இன்வெர்ட்டரை பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும் என்பதால் அதற்கும் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை எடுத்துவைக்க வேண்டும். மத்திய அரசு அம்ருத் என்ற நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் 100 கோடி திரட்டினால் 13 கோடி என்ற கணக்கில், அதிகபட்சம் 26 கோடி வரை ஊக்கத்தொகை தந்திருக்கிறது. வந்தால் நல்லது. வரும் என்று நம்பித் தவணையை அமைக்காதீர்கள்.

வெளியீட்டு நாள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறுவனங்களுக்கு மட்டும் என்றால் மின்னணு ஏலத்தில் காலை தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும். பங்குச் சந்தையில் மணி அடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு

2022இல் வடாற்காட்டுச் சிற்றூர்களில் மாதம் இவ்வளவு வட்டி என்று ஆசைகாட்டியவர்களிடம் நகையை விற்றுக் கட்டி ஏமாந்தவர்கள் ஏராளம். ஆகவே ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறேன்: நகராட்சிப் பத்திரத்தை யாரும் வீட்டுக்கு வந்து ரசீது கிழித்து விற்க மாட்டார்கள். பொது வெளியீடாக வந்தால், பத்திரங்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கு வழியாக வாங்க வேண்டும். இந்தூரில் குறைந்தபட்ச விண்ணப்பம் 10,000 ரூபாய். வட்டி வங்கி வைப்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், பல மடங்கு இருக்காது. அரசு வரிவிலக்கு அறிவித்தால் தவிர அந்த வட்டிக்கு வருமான வரியும் உண்டு. மூன்று ஆண்டில் பணம் வேண்டுமென்றால், மூன்று ஆண்டுத் துண்டு தனியே கிடைத்தால் அதை வாங்குங்கள். சந்தையில் நடுவில் விற்கலாம் என்று தாளில் இருக்கும், வாங்க ஆள் இருக்க வேண்டும்.

வெளியீட்டு ஆவணம் நூற்றுக்கணக்கான பக்கம். எல்லாம் படிக்க வேண்டாம். எந்த வருமானம் தனிக்கணக்குக்குள் வருகிறது, அது போதாவிட்டால் அடுத்தது எது, அறங்காவலர் யார், சொத்து வரி வசூல் எத்தனை சதவீதம் என்ற நான்கையும் தேடிப் படியுங்கள்.

கடைசித் தாள்

பத்திரம் பத்து ஆண்டில் முடியும். தகடுகள் 25 ஆண்டு உழைக்கும், ஆண்டுக்கு அரை சதவீதம்போலத் தேய்ந்துகொண்டே. கடைசித் தவணை போனதும் எல்லோரும் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதற்கு முன் அறங்காவலரிடமிருந்து கடன் தீர்ந்த சான்றும், அடமானத்தில் இருந்த வருமானத்தையும் சொத்தையும் விடுவித்த ஆவணமும் கையில் வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் இதை வாங்க மறந்துவிட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து வேறொரு கடனுக்குப் போனபோது, எப்போதோ அடைத்த பழைய கடன் புத்தகத்தில் உயிரோடு இருந்தது. கையெழுத்திட வேண்டிய வங்கிக் கிளையே அதற்குள் வேறொன்றோடு இணைக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு தாளுக்காகக் கணக்கர் சென்னைக்கு ஏழு முறை பஸ் ஏறினார்.